நல்லடையும் நெல்முளையும்: பெரும்பாணாற்றுப்படையின் அரிசிக்கள் பற்றிய உரை மீது ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கவிருக்கும் அரிசிக்கள், அதன் செய்முறையோடு கூறப்படுகிறது. அச்செய்முறையின் நடுவில் நிற்கும் 'நல்லடை' என்னும் சொல்லுக்கு நச்சினார்க்கினியர் நெல்முளை எனப் பொருள் கண்டார். இக்கட்டுரை அவ்வுரையைத் தானிய நொதித்தலின் இயல்போடு ஒப்பிட்டு ஆராய்கிறது. முளை என்னும் பொருள் ஏற்கத்தக்கது. ஆனால் முளையை 'இடித்து' என உரை சேர்ப்பதும், பிற்கால ஆய்வுகள் அதன்மேல் ஏற்றிவைக்கும் 'மால்ட்', 'பீர்' என்னும் பெயர்களும் பாட்டிற்குப் புறம்பானவை என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பெரும்பாணாற்றுப்படை, நச்சினார்க்கினியர், நல்லடை, குரும்பி, நெல்முளை, கிண்வம், நொதித்தல்

முன்னுரை

சங்க இலக்கியத்தில் கள் பற்றிய குறிப்புகள் மிகுதி; கள் ஆக்கும் முறை பற்றிய குறிப்புகள் மிகக் குறைவு. பருகுதல், பகிர்தல், மயங்குதல், பரிசிலாகப் பெறுதல் ஆகியவற்றைப் பாடிய புலவர்கள் அது உருவாகும் இடத்தை எட்டிப் பார்த்ததே அரிது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை இதற்கு விலக்கு. 500 அடிகள் கொண்ட அப்பாட்டில், 275ஆம் அடி முதலாக அமைந்த ஒரு சிறு பகுதி, குற்றாத அரிசியில் தொடங்கி விரலால் அலைத்துப் பிழியும் நறும்பிழி வரை ஒரு பானத்தின் முழு வரலாற்றையும் சொல்லி முடிக்கிறது. சுட்ட மீனோடு அதனைப் பெறலாம் என்பதே பாணனுக்குக் கூறப்படும் செய்தி. உண்மையில் அச்செய்திக்கு இத்தனை விரிவு தேவையில்லை. புலவர் அதனைக் கண்டிருக்கிறார், கண்டதை விட மனமில்லாமல் சொல்லியிருக்கிறார் என்றே கருதத் தோன்றுகிறது.

இப்பகுதியை எடுத்தாளும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகின்றன: பண்டைத் தமிழர் நெல்லை முளைகட்டி, அம்முளையைக் கொண்டு பீர் ஆக்கினர், மால்ட் எனப்படுவதை அவர்கள் அறிந்திருந்தனர். இம்முடிவில் மூன்று படிகள் உள்ளன. பாட்டில் இருப்பது 'நல்லடை'. உரையில் இருப்பது 'நெல்முளை'. ஆய்வில் இருப்பது 'மால்ட்'. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று சேர்கிறது, ஏதோ ஒன்று உதிர்கிறது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த நாள் முதல் பாட்டும் உரையும் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. பயன் மிகுந்த அந்த வசதியே, உரையின் சொல்லைப் பாட்டின் சொல்லாக எண்ணும் பழக்கத்திற்கும் வழி செய்திருக்கிறது.

முளை செய்யும் வேலை

பனஞ்சாற்றிலும் தேனிலும் சர்க்கரை ஆயத்தமாக இருக்கிறது. காற்றிலும் கலத்திலும் உள்ள ஈஸ்ட் அதனை உண்டு மதுவாக்கிவிடும். மனிதர் செய்ய வேண்டுவது காத்திருப்பது மட்டுமே. தானியத்தில் நிலைமை வேறு. அங்கே இருப்பது மாவுச்சத்து. மதுவாக்கும் ஈஸ்ட் அதனை நேரடியாக உண்ண இயலாது. மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக உடைத்தாக வேண்டும். கள் இறக்குவதற்கும் தானியத்தில் கள் அடுவதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு தடையில் அடங்கியிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையே மற்றோரிடத்தில், வீட்டில் ஆக்கிய தோப்பியைப் பற்றிப் பேசும்போது 'அடுதல்' என்னும் சமையல் வினையைப் பயன்படுத்துவதும், உரை அத்தோப்பியை நெல்லால் ஆன கள் எனக் கொள்வதும் இவ்வேறுபாட்டோடு பொருந்துகின்றன.

அத்தடையைக் கடக்க உலகெங்கும் மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன. ஆண்டிஸ் மலைப்பகுதியில் மக்காச்சோளத்தை மென்று உமிழ்நீரின் நொதியால் சிச்சா ஆக்கும் வழக்கம் உண்டு. மேற்காசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் தானியத்தை முளைக்கவைத்து, அம்முளையில் பிறக்கும் நொதியைப் பயன்படுத்தினர். சீனம், ஜப்பான், தென்கிழக்காசியா ஆகியவற்றில் வெந்த தானியத்தில் பூஞ்சையை வளர்த்து அதன் நொதியைப் பயன்படுத்தினர்.

முளைத்தல் என்பது விதை தன் சேமிப்பைத் தானே திறந்துகொள்ளும் செயல். நீரில் ஊறிய மணியில் கரு விழித்துக்கொண்டு, மாவுப்பகுதியைச் சூழ்ந்துள்ள அலூரோன் படலத்திற்கு ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. அப்படலம் நொதிகளைச் சுரக்கிறது. நொதிகள் மாவுச்சத்தை வளரும் கருவுக்கு உணவாக உடைக்கின்றன. கள் அடுபவர் செய்வது, இந்தச் செயல் தொடங்கியபின் விதை தன் உணவை உண்டு தீர்ப்பதற்குள் அதனை நிறுத்தி, பிறந்த நொதியைத் தம் பானைக்குத் திருப்பிக்கொள்வதாகும். முளைத்த தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதை 1815இல் கிர்க்காஃப் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். 1833இல் பாயனும் பெர்சோவும் முளைத்த வாற்கோதுமையிலிருந்து அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் எனப் பெயரிட்டனர். நொதி என்னும் கருத்தே அறிவியலில் வேரூன்றியது இவ்வாறு முளைதானியத்தின் வழியாகத்தான்.

இதனை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி முளைகட்டும் உழவர், ஓரிரு நாள் தாமதித்தால் வேர்கள் பின்னிக்கொண்டு முழுவதும் ஒரே பாளமாகிவிடுவதை அறிவர். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழ், முளைகட்டாத மாவில் காய்ச்சியதைவிட நீர்த்தும் இனித்தும் இருப்பதைக் குழந்தைக்குக் கூழ் ஊட்டும் தாயர் அறிவர். நெல் விளையும் ஊரில் முளையின் இந்த ஆற்றல் யாரேனும் தனியே கண்டுபிடிக்க வேண்டிய மறைபொருள் அன்று.

பாட்டின் வரிசைமுறை

பாட்டு கூறும் வரிசையை உரைநடையில் இவ்வாறு தரலாம்: குற்றாத அரிசி களியாகத் துழாவிச் சமைக்கப்படுகிறது, அத்துழவை அகன்ற வாயையுடைய பிழாவில் புலருமாறு ஆற்றப்படுகிறது, புற்றுக் குரும்பியைப் போன்ற நல்லடை அதனோடு அளையப்படுகிறது, இனிமை உண்டாகுமாறு இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன, பின்னர் வலிய வாயையுடைய சாடியில் இளமை நீங்க விளைகிறது, இறுதியில் அரித்துப் பிழியப்படுகிறது.

இவ்வரிசையில் ஒன்றைக்கூட இடம் மாற்ற இயலாது. அரிசி மாவுச்சத்து நீரில் குழைந்து திறக்க ஏறத்தாழ 70 செல்சியஸ் அளவில் வெப்பம் தேவை. முளையின் நொதிகளுள் முதன்மையான ஒன்று அவ்வெப்பத்தில் விரைவில் அழிந்துவிடும். ஆகவே அரிசியைத் தனியே வேகவைத்து, ஆற்றி, அதன்பின்னரே முளையைச் சேர்க்க வேண்டும். வாற்கோதுமையின் மாவுச்சத்து அதனினும் குறைந்த வெப்பத்தில் குழைவதால், ஐரோப்பிய முறையில் இடித்த முளையை வெந்நீரில் நேரே கலந்துவிடலாம். அரிசியையும் சேர்த்துக்கொள்ளும் இன்றைய பீர் ஆலைகள் அதனைத் தனிக் கொப்பரையில் முன்னரே வேகவைப்பதன் காரணம் இதுவே. ஆற்றுதலைப் பாட்டு விடாமல் சொல்வது வெறும் அழகுக்காக அன்று. அது தொழிலின் கட்டாயம்.

இவ்வரிசையில் மிகவும் கூர்ந்து நோக்கத்தக்க சொல் 'தேம்பட' என்பதாகும். அது நல்லடையை அளைந்ததற்கு அடுத்து வருகிறது. சாடியில் விளைதலுக்கு முன் வருகிறது. அளைந்தவுடன் உண்டாவது மயக்கம் அன்று, இனிமை. மாவு சர்க்கரையாவதும் சர்க்கரை மதுவாவதும் இருவேறு நிகழ்வுகள் என்பதை, அவற்றின் வேதியியல் எதனையும் அறியாமலே, நாவின் அறிவைக் கொண்டு இப்பகுதி பிரித்து வைத்திருக்கிறது. 'தேம்பட' என்பதைக் கள்ளின் இனிமைக்கு வழங்கும் பொதுவான புகழ்ச்சி எனக் கடந்துவிடும் வாசிப்பு, பாட்டின் மிகத் துல்லியமான சொல்லை இழந்துவிடுகிறது.

இதனோடு ஒரு திருத்தமும் வேண்டும். இக்கள் இரண்டு நாளில் ஆவது எனச் சில கட்டுரைகள் எழுதிச் செல்கின்றன. பாட்டின் தொடரமைப்பு அவ்வாறு கூறவில்லை. இரண்டு பகலும் இரவும் கழிந்தபின்னரே சாடியில் விளையும் கட்டம் தொடங்குவதாகக் கொள்வதே இயல்பு. விளைவதற்கு ஆகும் காலத்தை நாள் கணக்கில் சொல்லாமல், இளமை அறுதல் என்னும் நிலைக்குறியால் புலவர் சுட்டுகிறார். சுவையே அங்கு அளவுகோல். இன்றும் வீட்டில் மாவு புளிக்கவைப்போர் கடிகாரத்தைவிட மூக்கையே நம்புகின்றனர்.

குரும்பி என்னும் உவமை

நல்லடை எதுவென முடிவு செய்யப் பாட்டு தரும் ஒரே சான்று உவமை. பாம்பு உறையும் புற்றில் கிடைக்கும் குரும்பியைப் போன்றது அது. குரும்பியை நச்சினார்க்கினியர் புற்றினுள் கிடக்கும் பழஞ்சோறு எனக் கொள்கிறார். புற்றாஞ்சோறு என்னும் பெயரில் அறியப்படும் அப்பொருள், கறையான் மென்று கழித்த தாவரத் துகள்களால் கட்டி எழுப்பிய, கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த பழுப்புநிறப் பாளம். அதன் மேல் கறையான் வளர்க்கும் பூஞ்சை வெண்ணிறச் சிறு மணிகளாகப் பொடித்திருக்கும். அகநானூற்றின் 8ஆம் பாடலில் இரவில் புற்றை அகழும் கரடிக்கு உணவாவதும் இக்குரும்பியே. சங்கப் புலவர்களுக்கு இது கண்ணால் கண்ட பொருள் என்பதில் ஐயமில்லை.

இவ்வுவமையை நெல்முளையோடு பொருத்திப் பார்த்தால் அது வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. மூன்று நான்கு நாள் முளைத்த நெல்லில் உமி பழுப்பாக இருக்கும். வேர்களும் முளைநுனிகளும் வெண்மையாகத் துருத்தி நிற்கும். வேர்கள் பின்னிக்கொள்வதால் தனித்தனி மணிகள் ஒரே பாளமாகிவிடும். பாளத்தினுள் காற்றிடைவெளி இருக்கும். துளைகள் உடைய பழுப்புப் பாளம், மேலே வெண்புள்ளிகள்: குரும்பியும் அதுவே. தேனடை என்னும் சொல்லில் அறைகள் திரண்ட பாளத்தைக் குறிக்கும் 'அடை' இங்கும் அப்பொருளிலேயே நிற்கிறது எனலாம். உரையாசிரியர் இச்சொல்லுக்கு முளை எனப் பொருள் கொண்டது ஊகமாயினும், உவமையின் வடிவத்தை மதித்த ஊகம்.

எனினும் இதே உவமை எதிர்த்தரப்புக்கும் இடம் தருகிறது. நல்லடைக்குப் 'பூம்புறம்' என்னும் அடை உண்டு. உரை அதனைப் பொலிவு பெற்ற புறம் எனக் கொள்கிறது. பூத்தல் என்பது பூஞ்சணம் பிடித்தலையும் குறிக்கும் வழக்கு தமிழில் உண்டு. ஊறுகாயும் அப்பளமும் இன்றும் 'பூத்துப்' போகின்றன. அவ்வாறு கொண்டால் நல்லடை என்பது பூஞ்சை படர்ந்த நொதிமாவு வில்லை ஆகலாம். குரும்பியும் பூஞ்சை வளரும் பாளமே ஆதலால் உவமை இன்னும் நெருக்கமாகிறது. ஜார்க்கண்ட், ஒடிசா பகுதிகளில் ஹண்டியா ஆக்குவோர், வெந்த சோற்றைப் பரப்பி ஆற்றி, ரானு எனப்படும் உலர்ந்த வில்லையைப் பொடித்துக் கலந்து, சில நாள் பானையில் வைக்கின்றனர். பிழாவில் ஆற்றி, அடை அளைந்து, சாடியில் வைக்கும் வரிசையும் ஏறத்தாழ இதுவே. சிக்கிம், நேபாளப் பகுதிகளின் மார்ச்சாவும் இவ்வகையினது. அங்கே நொதித்த கேழ்வரகின்மேல் வெந்நீர் ஊற்றி உறிஞ்சப்படும் தோங்பா, பாட்டின் இறுதியில் அரியலுக்கு அடையாக வரும் 'வெந்நீர்' என்னும் சொல்லை நேர்ப்பொருளில் கொள்வோருக்குப் புதிய வாசலையும் திறக்கக்கூடும்.

கிண்வமும் முளையும்

இவ்விரு வாசிப்புகளுக்கும் நடுவே தீர்ப்புக் கூற வடமொழிச் சான்றுகளை அழைப்பது வழக்கம். அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் மது மேற்பார்வையாளர் பற்றிய பகுதி, கிண்வம் என்னும் நொதிப்பொருளை உளுந்து விழுது, அரிசி, மூலிகைகள் ஆகியவற்றின் அளவுகளோடு விவரிக்கிறது. அங்கே முளைக்கு முதன்மை இல்லை. ஆனால் சௌத்ராமணி வேள்விக்கான சுரையை விவரிக்கும் வைதிக நூல்களில் முளைத்த நெல்லும் முளைத்த வாற்கோதுமையும் இடம்பெறுகின்றன. அவற்றோடு நக்னஹு என்னும் நொதிச்சேர்மானமும் இடம்பெறுகிறது. இந்திய மதுவின் வரலாற்றைச் சமஸ்கிருத நூல்வழி விரிவாக ஆராய்ந்த ஜேம்ஸ் மெக்ஹியூவின் 2021ஆம் ஆண்டு நூலைக் காண்போர், இந்தியா முளைக்கும் பூஞ்சைக்கும் இடையில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்ட நிலப்பகுதி அன்று என்பதை உணர்வர்.

இச்சான்றுகள் நல்லடை எதுவென்பதைத் தீர்ப்பதில்லை. கிண்வம் வடக்கே வழங்கியதால் தொண்டை நாட்டு வலைஞரிடமும் அதுவே இருந்தது என்பதும், தமிழ்ப்பாட்டு ஆதலின் அது முற்றிலும் வேறாகவே இருக்க வேண்டும் என்பதும் ஒரே வகைப் பிழைகள். இச்சான்றுகளால் கிடைக்கும் பயன் வேறு: முளை, நொதிமாவு என்னும் இரண்டையும் ஒன்றையொன்று விலக்கும் பொருள்களாக வைத்துக் கேட்கப்படும் கேள்வியின் அடிப்படையையே அவை தளர்த்துகின்றன.

வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலத்தில் முளைக்கும் தானியத்தின்மேல் பூஞ்சை தானாகவே படரும். ஆப்பிரிக்காவில் திறந்த வெளியில் முளைகட்டப்படும் சோளத்தில் இது பரவலாகக் காணப்படுகிறது. உமியின்மேல் ஈஸ்டும் புளிப்பேற்றும் நுண்ணுயிர்களும் குடியிருக்கும். நெல்முளை தனியே, தூய நிலையில், நொதியை மட்டும் தாங்கி நிற்பது ஆய்வுக்கூடத்தில் மட்டுமே. பிழாவில் அளையப்பட்ட நல்லடை மாவை உடைக்கும் நொதியையும், சர்க்கரையை மதுவாக்கும் ஈஸ்டையும், ஓரளவு பூஞ்சையையும் ஒருங்கே கொண்டு சேர்த்திருக்கும். இவ்வாறு கொண்டால் உரையின் முளையும் 'பூம்புறம்' உணர்த்தக்கூடிய பூஞ்சையும் ஒரே பாளத்தில் இருக்க இயலும். புலவர் தேர்ந்த உவமைப்பொருளும் தாவரத்துகளும் பூஞ்சையும் சேர்ந்த ஒன்றே அன்றோ?

இருப்பினும் முதன்மை எதற்கு என்னும் கேள்வி எஞ்சுகிறது. முளைக்கே என்பதற்கு வலுவான காரணம் 'அடை' என்னும் சொல்லின் அளவு. நொதிமாவு வில்லை சிறிதளவே போதும்; பொடித்துத் தூவப்படுவது அது. பாட்டிலோ அடை துழவையோடு 'அளைஇ' எனக் கையால் கலந்து பிசையப்படுகிறது. அளைதல் என்பது தூவுதல் அன்று. ஒரு பொருளின் திரளை மற்றொன்றின் திரளோடு கலப்பது அது. நொதியாற்றலில் வாற்கோதுமை முளைக்குப் பின்தங்கும் நெல்முளையைக் கணிசமான அளவில் சேர்த்தாக வேண்டும் என்பதோடு இச்சொல் ஒத்துப்போகிறது.

'இடித்து' என்னும் சேர்க்கை

நச்சினார்க்கினியர் முளையை இடித்துக் கலப்பதாக விரிக்கிறார். இடித்தல் பாட்டில் இல்லை. பொருள் விளக்கத்திற்காக உரையாசிரியர் வினைகளை வருவித்துக்கொள்வது மரபே. அதற்காக அவரைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் இந்தச் சிறு வினை பாட்டின் காட்சியை மாற்றிவிடுகிறது. இடித்த முளைக்குப் பாள வடிவம் ஏது? பொடியானபின் அது குரும்பியை ஒவ்வாது. புறம் என ஒன்று அதற்கு இருக்காது. உவமை நிற்க வேண்டுமாயின் அளையும் கணம்வரை அடை அடையாகவே இருந்திருக்க வேண்டும். பாட்டு காட்டுவது ஈரம் உலராத பச்சை முளைப்பாளத்தைக் கையால் பிட்டு, ஆறிய களியோடு பிசைவதை.

இடித்தலை உரை எங்கிருந்து பெற்றது? 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவராகக் கருதப்படும் நச்சினார்க்கினியருக்கும் பாட்டுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. தம் காலத்தில் உலர்ந்த முளையை இடித்துச் சேர்க்கும் வழக்கத்தை அவர் கண்டிருக்கலாம். அல்லது தானியம் எதுவாயினும் கலக்குமுன் இடிப்பர் என்னும் பொது அறிவைக் கொண்டு எழுதியிருக்கலாம். முதலாவதாயின் அது இடைக்காலக் கள்ளுக்குச் சான்று, சங்கக் கள்ளுக்கு அன்று. உரையைச் சான்றாகக் கொள்வோர் அது எக்காலத்திற்குச் சான்று என்னும் கேள்வியைத் தவிர்க்க இயலாது. இலக்கணத்திலும் திணைக் கோட்பாட்டிலும் உரையாசிரியர்களை இவ்வாறு விசாரிக்கப் பழகிய தமிழாய்வு, அடுக்களை, உழவு, தொழில் ஆகியவற்றில் மட்டும் அவர்களை நேரில் கண்ட சாட்சிகளாக ஏற்றுக்கொள்வது விந்தையே.

மால்ட், பீர் என்னும் பெயர்கள்

பச்சை முளை, இடித்த உலர்முளை என்னும் வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். மால்ட் என்னும் பொருளின் வரலாறே அவ்வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஐரோப்பிய மால்ட் என்பது முளைத்த வாற்கோதுமை மட்டும் அன்று. சூளை வெப்பத்தில் உலர்த்தி முளைப்பு நிறுத்தப்பட்ட வாற்கோதுமை. அவ்வெப்பமே பானத்தின் நிறத்தையும் மணத்தையும் பெரிதும் முடிவு செய்கிறது. வெளிர்நிறப் பீருக்கும் கருநிறப் பீருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சூளையில் பிறப்பது. உலர்ந்ததால் அது மாதக்கணக்கில் கெடாது, மூட்டையாகும், விலைபோகும், வரிக்குள்ளாகும். இங்கிலாந்தில் 1697இல் விதிக்கப்பட்ட மால்ட் வரி 1880 வரை நீடித்தது. முளைகட்டுதல் தனித்தொழிலாகவும் முளை தனிச்சரக்காகவும் ஆன சமூகத்தின் சொல் அது.

வலைஞர் குடியின் நல்லடைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அது அன்றைக்கு ஆக்கி அன்றைக்கு அளையும் பொருள். அதனைச் சேமிக்க இயலாது, விற்க இயலாது, அரசன் அளந்து வரி வாங்கவும் இயலாது. அர்த்தசாஸ்திரம் மதுவை மேற்பார்வையாளருக்கும் கணக்குக்கும் உட்படுத்துவதோடு ஒப்பிட்டால், பெரும்பாணாற்றுப்படையின் கள் வீட்டுக்குள்ளேயே தொடங்கி முடிவது தெளிவாகிறது. வழிப்போக்கனான பாணனுக்கு அது விலையின்றிக் கிடைப்பது புலவரின் மிகையுரை மட்டும் அன்று. சரக்காக மாறாத பொருளின் இயல்பும் ஆகும். 'மால்ட்' என மொழிபெயர்க்கும்போது பழந்தமிழர்க்கு ஒரு பெருமை கூடுவதாகத் தோன்றுகிறது. கூடுவதைவிட இழப்பதே மிகுதி: வலைஞரின் விருந்தோம்பலுக்குப் பின்னால் இருந்த பொருளியல் மறைந்துவிடுகிறது.

'பீர்' என்னும் பெயருக்கும் இது பொருந்தும். தானியத்தில் ஆன மது எதனையும் பீர் என அழைப்பது அறிவியல் எழுத்தில் பொதுவழக்கு, அதில் தவறில்லை. ஆனால் 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம் வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் என வரையறுத்த பானத்தையே இன்றைய வாசகர் அச்சொல்லால் உணர்வர். குற்றாத அரிசியின் கலங்கலான, விரலால் பிழிந்த, ஹாப்ஸின் கசப்பு அறியாத பானத்தை அச்சொல் காட்டாது. 'அரிசிக்கள்' என்னும் தமிழ்ச்சொல் இருக்க, அதனை விட்டுவிட வேண்டிய தேவை என்ன?

நின்காசிப் பாடலின் படிப்பினை

பாட்டைச் செய்முறையாக வாசிப்பதில் உள்ள இடரைத் தமிழுக்கு வெளியேயும் காணலாம். சுமேரியரின் கள் தெய்வமாகிய நின்காசியைப் போற்றும் பாடல், ஏறத்தாழ கி.மு. 1800ஐ ஒட்டிய களிமண் பலகைகளில் கிடைத்தது. மிகெல் சிவில் 1964இல் அதனைப் பதிப்பித்து மொழிபெயர்த்தார். அங்கே முளைத்த தானியத்திற்குத் தெளிவான சொல் உண்டு. ஆகவே முளையில் சிக்கல் இல்லை. சிக்கல் 'பப்பிர்' என்னும் மற்றொரு சொல்லில். அதனை ரொட்டி எனக் கொண்டு 1989இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையில் ஃப்ரிட்ஸ் மேடாக், சாலமன் காட்ஸ் ஆகியோரின் முயற்சியில் அப்பாடலின்படி பீர் ஆக்கிப் பார்த்தனர்; பருகத்தக்க பானம் கிடைத்தது. பின்னர் 2012இல் பீட்டர் டாமெரோ, பாடல் செய்முறைக் குறிப்பு அன்று என்றும், பப்பிர் ரொட்டிதானா என்பது உறுதியன்று என்றும் எச்சரித்தார்.

ஒரு வாசிப்பின்படி ஆக்கிய பானம் நன்றாக அமைவது அவ்வாசிப்பு சரியெனக் காட்டாது. அது இயலக்கூடியது என்பதை மட்டுமே காட்டும். நல்லடையை முளையாகக் கொண்டு ஒருவர் அரிசிக்கள் ஆக்கினால் அது விளையும். ரானு போன்ற நொதிமாவாகக் கொண்டு ஆக்கினாலும் விளையும். எனவே பாட்டின் சொற்களோடு எது மிகுதியாக ஒட்டுகிறது என்பதே திறனாய்வின் கேள்வியாக நிற்கிறது. அதற்கு 'அடை', 'அளைஇ', 'குரும்பி' ஆகிய மூன்று சொற்களும் சேர்ந்து பச்சை நெல்முளையின் பக்கமே சாய்கின்றன.

பாட்டுக்கு வெளியிலிருந்து சான்று வருமாயின் அது மண்ணிலிருந்து வர வேண்டும். முளைத்த தானியத்தில் அலூரோன் படலத்தின் சுவர் மெலிந்துவிடுகிறது. தானியம் கருகியபின்னும் அம்மெலிவு நுண்ணோக்கியில் தெரியும் என்பதை 2020இல் ஆண்ட்ரியாஸ் ஹைஸ் குழுவினர் வாற்கோதுமையில் காட்டினர். சீனத்தின் மிஜியாயா களத்தில் 5,000 ஆண்டுப் பழமையான கலங்களில் ஒட்டியிருந்த மாவுத்துகள்களின் சிதைவைக் கொண்டு, அங்கே முளைதானியம் பயன்பட்டதை 2016இல் வெளியான ஆய்வு நிறுவியது. பூஞ்சை வழியாயின் கலத்தின் எச்சத்தில் பூஞ்சை இழைகளையும் வித்துகளையும் தேட வேண்டும். தமிழகத்தில் பொருந்தல் அகழாய்வில் நாற்கால் சாடி ஒன்றில் நெல் கிடைத்தது. ஆனால் அது ஈமப் படையல், கள்ளின் எச்சம் அன்று. இங்கே வேண்டப்படுவது வாழிடங்களிலிருந்து கிடைக்கும் சாடிகளின் உட்சுவர். குறிப்பாக, அகழ்ந்தெடுத்தபின் கழுவித் துடைக்கப்படாத சாடிகளின் உட்சுவர்.